.22 பிஸ்டல் வாங்கலாமா? விலையைக் கேட்கும் முன் தோட்டாவை எண்ணிப் பாருங்க



போன மாசம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் போன் பண்ணினார். வயசு நாற்பதை நெருங்குது. பம்ப் உதிரிபாகம் செய்யுற சின்ன யூனிட் ஒண்ணு நடத்துறார். நண்பர் ஒருத்தர் சொல்லி ரைஃபிள் கிளப்பில் சேர்ந்திருக்கார். முதல் நாள் .22 பிஸ்டலைக் கையில் எடுத்தவருக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலையாம். ஆறு மாசமா ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட விடாமல் போறார்.

"சார், பழைய பிஸ்டல் ஒண்ணு விலைக்கு வருதுங்க. இறக்குமதிச் சரக்கு. மூணு லட்சம் சொல்றாங்க. ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தா நமக்குன்னு எடுத்து வெப்பாங்களாம். பொண்ணு காலேஜுக்குப் போட்ட எஃப்டி ஒண்ணு இருக்குதுங்க. அதை உடைச்சு வாங்கிடலாமுங்களா? லைசென்ஸுக்கு அப்புறமா அப்ளை பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

பொண்ணு இப்போ ஒன்பதாவது. காலேஜுக்கு இன்னும் நாலு வருஷம்தான் இருக்கு.

நான் உடனே "வேண்டாம்"னு சொல்லலை. ஆறு மாசமா ஒருத்தர் விடாமல் போறார்னா, அது வெறும் ஆசை இல்லை. உழைக்கிற மனுஷனுக்கு இப்படி ஒரு பொழுதுபோக்கு தேவைதான். ஆனா அவர் கேள்வியை வெச்ச வரிசை தலைகீழ். பிஸ்டல், அட்வான்ஸ், எஃப்டி, லைசென்ஸ், கடைசியில் தோட்டா. சரியான வரிசை லைசென்ஸ், தோட்டா, கிளப் கணக்கு, அதுக்கப்புறம்தான் பிஸ்டல். அவர்கிட்ட சொன்னதையே இங்க விரிவா எழுதறேன்.

முதல்ல பொருளைப் புரிஞ்சுக்குவோம்

.22 எல்.ஆர். என்பது 1887-லிருந்து இருக்கிற தோட்டா. இதை 'ரிம்ஃபயர்'னு சொல்லக் காரணம், தீப்பற்றுகிற மருந்து தோட்டாவின் அடிப்பக்க விளிம்புக்குள்ளேயே இருக்கு. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பில் அடிச்சதும் வெடிக்கும். செய்முறை சுலபம் என்பதால் மத்த தோட்டாக்களைவிட விலை குறைவு. கையில் உதைப்பும் குறைவு. சுட்ட பிறகு காலிக் கூட்டைத் திரும்ப நிரப்பிப் பயன்படுத்த முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் புதுத் தோட்டாதான். இதை நினைவில் வெச்சுக்கோங்க, கணக்கில் வரும்.

'செமி ஆட்டோமேட்டிக்' என்றதும் சிலர் பயந்துடறாங்க. ட்ரிகரை அழுத்திப் பிடிச்சா சடசடன்னு சுடுகிற ரகம் இல்லை இது. ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டுதான். சுட்டதும் அந்த வேகமே காலிக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏத்திடும், அவ்வளவுதான்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வாங்கினாரே, 25 மீட்டர் ரேபிட் ஃபயர், அது இந்தத் தோட்டாவில்தான். 2024 பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியது ஏர் பிஸ்டலில். .22-ல் ஆடிய 25 மீட்டர் போட்டியில் நாலாவது இடம். பதக்கச் செய்தியைப் படிச்சுட்டு கிளப்புக்கு வர்ற பலருக்கு இந்த இரண்டும் வேற வேற துப்பாக்கின்னே தெரியறதில்லை.

லைசென்ஸ் வரும்வரை ஒரு ரூபாய் கூட அட்வான்ஸ் வேண்டாம்

ஏர் பிஸ்டலுக்கும் .22-க்கும் பெரிய வித்தியாசம் இங்கதான். 2016 ஆயுத விதிகள்படி, .177 அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் உட்பட்ட ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. .22 பிஸ்டல் முழுமையான துப்பாக்கி. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வாங்கவும் கூடாது, வெச்சிருக்கவும் கூடாது.

லைசென்ஸ் இல்லாமல் வெச்சிருந்தா, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறை, கூடவே அபராதம். "நீங்க எடுத்துட்டுப் போங்க, பேப்பர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்"னு யாராவது சொன்னா, அங்கிருந்து கிளம்பிடுங்க. அவர் எவ்வளவு நெருங்கின நண்பரா இருந்தாலும் சரி.

லைசென்ஸ் கொடுப்பது மாவட்ட நிர்வாகம். சென்னை, கோவை மாதிரி கமிஷனரேட் உள்ள நகரங்களில் போலீஸ் கமிஷனர் அலுவலகம். போலீஸ் விசாரணை உண்டு, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்பாங்க, வீட்டில் எங்கே எப்படிப் பூட்டி வைப்பீங்கன்னும் கேட்பாங்க. எத்தனை மாசத்தில் வரும்னு யாராலும் உறுதி சொல்ல முடியாது. வராமலும் போகலாம். அப்படி இருக்கும்போது ஐம்பதாயிரம் அட்வான்ஸை எந்த தைரியத்தில் கொடுப்பீங்க? லைசென்ஸ் மறுக்கப்பட்டா அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க நீங்கதான் அலையணும்.

இன்னும் மூணு விஷயம்:

- ஒருத்தர் பேரில் பொதுவா 2 துப்பாக்கிதான். முன்னாடி 3 இருந்தது, 2019-ல் குறைச்சுட்டாங்க. போட்டி வீரர்களுக்குத் தனிச் சலுகை உண்டு.
- லைசென்ஸ் 5 வருஷம் செல்லும். புதுப்பிக்கும் தேதியை இன்ஷூரன்ஸ் தேதி மாதிரி காலண்டரில் குறிச்சு வைங்க.
- விண்ணப்பத்தில் 'எதற்காக' என்ற கேள்வியை அலட்சியமா நிரப்பாதீங்க. தற்காப்பு வேற, விளையாட்டு வேற. ஏன்னு அடுத்த பகுதியில் புரியும்.

உங்க லைசென்ஸில் வருஷத்துக்கு எத்தனை தோட்டா?

வாங்கப்போற முக்கால்வாசிப் பேர் இந்தக் கேள்வியைக் கேட்கறதே இல்லை. வருஷத்துக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். அதுக்கு மேல் கடைக்காரர் கொடுக்க முடியாது.

ஒரு பேச்சுக்கு 200-ன்னு எழுதியிருக்குன்னு வெச்சுக்குவோம். 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் ஒரு முழுச் சுற்றுக்கு 60 குண்டு. பயிற்சியிலும் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு ஆகும். 200-ஐ 60-ஆல் வகுத்தா மூணு ஞாயிற்றுக்கிழமை, மிச்சம் 20 தோட்டா. அப்புறம் வருஷம் முழுக்க மூணு லட்ச ரூபாய் பிஸ்டல் பீரோவில் தூங்கும்.

போட்டிகளில் தகுதி மதிப்பெண் எடுத்து, தேசிய ரைஃபிள் சங்கத்தின் வகைப்படுத்தலுக்குள் வந்தவங்களுக்கு இந்த அளவு அதிகம். கிளப்பில் சுடும்போது கிளப்பின் ஒதுக்கீட்டிலிருந்தும் தோட்டா கிடைக்கும். அதனால் முதலில் கிளப் செயலாளரிடம் உட்கார்ந்து இரண்டு கேள்வி கேளுங்க: என் பேரில் எவ்வளவு கிடைக்கும்? கிளப் மூலமா எவ்வளவு கிடைக்கும்? பதிலைக் கேட்டுட்டு வந்து கால்குலேட்டரை எடுங்க.

கிளப் துப்பாக்கியா, சொந்தத் துப்பாக்கியா?

இனி நம்ம வேலை. கீழே வர்ற தொகை எல்லாம் கணக்குப் புரிவதற்காக நான் போட்ட உதாரணம். உங்க கிளப் பில்லில் இருக்கிற நிஜத் தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கோங்க.

வாரம் ஒருநாள், வருஷத்துக்கு 48 நாள். ஒரு நாளைக்கு 60 குண்டு. ஆக வருஷத்துக்கு 2,880 குண்டு. ஒரு தோட்டா ₹30-ன்னு வெச்சா வருஷத்துக்கு ₹86,400. ஐந்து வருஷத்துக்கு:

- பிஸ்டல்: ₹3,00,000
- தோட்டா: ₹4,32,000
- கிளப், பயிற்சிக் கட்டணம் மாசம் ₹2,000 வீதம்: ₹1,20,000
- பாதுகாப்புப் பெட்டி, கூடுதல் மேகசின், சர்வீஸ், காதுக் கவசம், கண்ணாடி: ₹60,000
- மொத்தம்: ₹9,12,000

பார்த்தீங்களா? விலை பேசி மண்டையை உடைச்சுக்கிற அந்த மூணு லட்சம் மொத்தச் செலவில் மூணுல ஒரு பங்குதான். பைக் வாங்கும்போது பெட்ரோலைக் கணக்குப் பண்ணுவோம், இங்க ஏன் பண்ணறதில்லை?

அடுத்தது வாடகை. கிளப் பிஸ்டலை எடுத்துச் சுட ஒரு நாளைக்கு ₹300 கட்டணம்னு வைங்க. வருஷத்துக்கு ₹14,400. மூணு லட்சத்தை 14,400-ஆல் வகுத்தா 20 வருஷம் தாண்டுது. பாதி விலைக்குத் திரும்ப வித்துடலாம்னு வெச்சாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும்.

இப்போ அந்த எஃப்டி. மூணு லட்சத்துக்கு 7% வட்டின்னா வருஷத்துக்கு ₹21,000. நீங்க 30% ஸ்லாபில் இருந்து, செஸ் சேர்த்து 31.2% வரி கட்டினாலும் கையில் ₹14,448 நிற்கும். வாடகை ₹14,400. அதாவது எஃப்டியைத் தொடாமல், அதன் வட்டியிலேயே வருஷம் முழுக்க பிஸ்டல் வாடகை ஓடிடும். அசல் மூணு லட்சம் அப்படியே இருக்கும்.

இதைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்ப அந்த வட்டியில சுட்டுக்கலாமுங்களா?"ன்னார். அதுவும் வேண்டாம்னேன். அந்த வட்டியும் பொண்ணோடதுதான். பொழுதுபோக்குச் செலவு மாச வருமானத்திலிருந்து வரணும். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்தக் கணக்கு.

பர்சனல் லோன் போடலாமான்னு இன்னொருத்தரும் கேட்டிருந்தார். மூணு லட்சம், 14% வட்டி, 36 மாசம்னா இஎம்ஐ சுமார் ₹10,253. வட்டி மட்டும் ₹69,000-க்கு மேல். அந்த வட்டிக் காசுக்கு மேலே சொன்ன விலையில் 2,300 தோட்டா வாங்கலாம்.

அப்போ சொந்த பிஸ்டல் யாருக்குத்தான் நியாயம்? வாரத்துக்கு மூணு நாள் போறவங்க, போட்டியில் பேர் கொடுக்கிறவங்க, கிளப் பிஸ்டலின் பிடி தன் கைக்குப் பொருந்தாமல் கஷ்டப்படுறவங்க. கிளப் துப்பாக்கியில் முந்தின ஆள் குறிமுனையைத் திருகி வெச்சிருப்பார், நீங்க ஒவ்வொரு முறையும் சரி பண்ணணும். மதிப்பெண் ஏறணும்னா அது நிஜமான தடைதான். பொழுதுபோக்காளருக்கு அது பத்து நிமிஷ எரிச்சல்.

வாங்குறதுன்னு முடிவாயிடுச்சு. எதைப் பார்க்கணும்?

1. எந்த ரகம்? .22 செமி ஆட்டோவில் இரண்டு குடும்பம். ஒண்ணு, போட்டிக்கே செஞ்சது: இத்தாலியின் பார்டினி, சுவிட்சர்லாந்தின் மோரினி, ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ். இன்னொண்ணு, அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காரங்க அதிகம் வாங்குற ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரி மாதிரியானவை. ரூகர் கம்பெனி தொடங்கினதே 1949-ல் 50,000 டாலர் முதலீட்டில், ஒரு .22 பிஸ்டலை வெச்சுத்தான். அப்போ விலை 37.50 டாலர். மலிவா, நம்பகமா ஒரு பொருள் கொடுத்தா சந்தை வரும் என்பதுக்கு நல்ல உதாரணம். ஆனா அமெரிக்க வீடியோவைப் பார்த்துட்டு "அங்க இவ்வளவுதான் விலை"ன்னு கணக்குப் போடாதீங்க. நம்ம நாட்டில் துப்பாக்கி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. தகுதி பெற்ற வீரர்களுக்குத்தான் சங்கத்தின் பரிந்துரையோடு வழி உண்டு. நம்ம ஊர் ஆயுதத் தொழிற்சாலைகளின் .32 பிஸ்டல், .22 ரிவால்வர் எல்லாம் தற்காப்புக்கானவை. இலக்குப் பயிற்சிக்கு அவை சரிப்படாது.

2. விதிக்குள் வருதா? நாளைக்குப் போட்டிக்குப் போகணும்னு ஆசை வரலாம். சர்வதேச 25 மீட்டர் விதிப்படி .22 பிஸ்டலின் எடை 1,400 கிராமுக்கு மேல் கூடாது, குழல் நீளம் 153 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, இரண்டு குறிமுனைகளுக்கும் நடுவே 220 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. ஸ்டாண்டர்ட் பிஸ்டல், மகளிர் 25 மீட்டர் போட்டிகளுக்கு ட்ரிகர் எடை குறைந்தது 1,000 கிராம். அளவு மீறின பிஸ்டலை மலிவா வாங்கிட்டு அப்புறம் வருத்தப்படாதீங்க.

3. கைக்குப் பொருந்துதா? பிராண்டைவிட இது முக்கியம். நான் முதல் தடவை கிளப்பில் சுட்டப்போ குண்டெல்லாம் இடப்பக்கம் கீழேயே போய் விழுந்தது. எனக்குக் கண்ணில் கோளாறுன்னு நினைச்சேன். பயிற்சியாளர் சின்ன அளவு மரப்பிடி மாட்டிக் கொடுத்தார். என் விரல் ட்ரிகரை நேரா அழுத்த ஆரம்பிச்சது, குண்டுகள் நடுப்பக்கம் வந்து சேர்ந்தன. பிஸ்டல் அதேதான். பிடி சின்னது, நடுத்தரம், பெரியதுன்னு வரும், இடக்கைக்குத் தனி. மாத்தக்கூடிய பிடி உள்ள மாடலாப் பாருங்க.

4. இங்கே கிடைக்கிற தோட்டாவை ஏத்துக்குதா? செமி ஆட்டோ தோட்டாவின் வேகத்தில்தான் இயங்குது. வேகம் பத்தலைன்னா அடுத்த தோட்டா ஏறாமல் சிக்கிக்கும். உங்க கிளப்பில் வழக்கமாகக் கிடைக்கிற தோட்டாவில் ஐம்பதையாவது கிளப் ரேஞ்சில், பயிற்சியாளர் முன்னாடி, விற்பவரையே சுட்டுக் காட்டச் சொல்லுங்க. மகளிர் 25 மீட்டரில் வேகச் சுற்றுன்னா 3 விநாடி இலக்கு தெரியும், 7 விநாடி மறையும். அந்த நேரத்தில் சிக்கினா என்ன ஆகும்னு யோசிங்க.

5. உதிரிபாகம் யார் தருவாங்க? ஊசி, ஸ்பிரிங், கூட்டைப் பிடிச்சு இழுக்கிற கொக்கி, மேகசின் இதெல்லாம் தேயும். உங்க கிளப்பிலேயே நாலு பேர் வெச்சிருக்கிற மாடல்னா உதவி கிடைக்கும். யாரிடமும் இல்லாத அபூர்வ மாடல்னா, ஒரு ஸ்பிரிங் உடைஞ்சா மாசக்கணக்கில் காத்திருப்பு. பழையதுன்னா குழலையும் ஊசியையும் துப்பாக்கி மெக்கானிக் ஒருத்தர் பார்க்கட்டும். ரிம்ஃபயரில் தோட்டா இல்லாமல் திரும்பத் திரும்ப ட்ரிகரை இழுத்தா, சில மாடல்களில் ஊசி நேரா குழல் விளிம்பில் அடிச்சுத் தழும்பு ஆக்கும்.

"விலை இறங்காது சார்"

இந்த வார்த்தையை எங்க கேட்டாலும் எனக்கு உஷார் மணி அடிக்கும். துப்பாக்கி தங்கம் இல்லை. லைசென்ஸ் உள்ளவருக்கு மட்டும்தான் விற்க முடியும், அதுவும் அதிகாரிகளுக்கு முறையாத் தெரிவிச்ச பிறகு. வாங்குபவர் கூட்டம் சின்னது, அவசரத்துக்குப் பணமாகாது. வீரர் சலுகையில் இறக்குமதியானதுன்னா, விற்பதற்குக் கட்டுப்பாடு ஏதும் பாக்கி இருக்கான்னு எழுத்தில் கேட்டு வாங்குங்க.

வரியையும் பார்த்துடுவோம். கடையில் புதுசா வாங்கினா ஜிஎஸ்டி: பிஸ்டல், ரிவால்வருக்கு 28% இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 40% ஆச்சு. ₹1,00,000 அடிப்படை விலைன்னா பில்லில் ₹1,40,000. வருமான வரியில், சொந்த உபயோகத்துக்கான இந்த மாதிரிப் பொருள் மூலதனச் சொத்தில் சேராது. லாபத்துக்கு வித்தா வரி இல்லை, நஷ்டத்துக்கு வித்தா அதை எதிலும் கழிக்கவும் முடியாது. பிள்ளைக்குக் கட்டுற கிளப் பயிற்சிக் கட்டணத்தை 80சி-யில் காட்ட முடியாது, அது பள்ளி, கல்லூரி முழுநேரப் படிப்புக்கு மட்டும். ஆக, இது முழுக்க முழுக்கச் செலவு. செலவுன்னு தெரிஞ்சே சந்தோஷமாப் பண்ணுங்க, முதலீடுன்னு உங்களையே ஏமாத்திக்காதீங்க.

வீட்டுக்குள் வந்த பிறகு

எக்ஸல் ஷீட்டில் வராத ஒரு வரி இருக்கு. பிஸ்டல் வாங்கினா அது உங்க வீட்டில்தான் இருக்கும். பிள்ளைங்க, உறவுக்காரங்க, வேலைக்கு வர்றவங்க எல்லாரும் நடமாடுற வீடு. சுவரில் போல்ட் போட்டு இறுக்கின இரும்புப் பெட்டி வேணும். தோட்டா தனிப் பூட்டில் இருக்கணும். சாவி உங்ககிட்ட மட்டும். தேர்தல் வந்தா துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லுவாங்க, போட்டி வீரர்கள் விலக்குக் கேட்கலாம். கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டா அதுக்கும் 2 வருஷம் வரை சிறை அல்லது ₹1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். வாங்கும் முன் வீட்டுக்காரங்களோடு உட்கார்ந்து பேசுங்க. அவங்களுக்குச் சம்மதம் இல்லைன்னா, கிளப்பிலேயே சுடுங்க.

அவர் என்ன பண்ணினார்?

அட்வான்ஸ் கொடுக்கலை. எஃப்டி அப்படியே இருக்கு. விளையாட்டுன்னு குறிப்பிட்டு லைசென்ஸுக்கு விண்ணப்பிச்சிருக்கார். ஞாயிற்றுக்கிழமை கிளப் பிஸ்டல்தான். மாசம் ₹6,000-க்கு ஒரு ஆர்டி போட்டிருக்கார், மூணு வருஷத்தில் அசல் மட்டுமே ₹2,16,000 சேரும். அதுக்குள்ள லைசென்ஸும் தெரிஞ்சிடும், இந்த ஆசை அப்பவும் இருக்கான்னும் தெரிஞ்சிடும். வீட்டில் பழக ஒரு ஏர் பிஸ்டல் வாங்கலாமான்னு அடுத்த கேள்வி கேட்டிருக்கார். அதுக்கு "தாராளமா"ன்னு சொல்லிட்டேன். பின்னாடி செங்கல் சுவர், முன்னாடி குண்டைப் பிடிக்கிற பெட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத மொட்டை மாடி, இதெல்லாம் இருந்தா.

இதே கணக்கை நம்ம சேனலில் எக்ஸலில் போட்டுக் காட்டியிருக்கேன். தோட்டா விலை, கிளப் வாடகை, எஃப்டி வட்டி மூணையும் மாத்தி உங்க பதிலைப் பாருங்க. உங்க ஊர் கிளப்பில் ஒரு நாளைக்கு என்ன கட்டணம்னு கமெண்டில் எழுதுங்க, சேர நினைக்கிற மத்தவங்களுக்கு உபயோகமா இருக்கும். லைசென்ஸ் விவகாரத்தில் மட்டும் என் பேச்சையோ, யூடியூப் பேச்சையோ கடைசி வார்த்தையா எடுத்துக்காதீங்க. கமிஷனர் அல்லது கலெக்டர் அலுவலகத்தில் நேரா கேட்டுட்டு இறங்குங்க.